நான் நீக்கிய சத்தம்

சென்ற மாதம் ஷாமினி தொலைபேசியில் அழைத்தாள். நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்ற இடத்தில் இப்போது அவள்தான் பொறுப்பாளர். ரொறொன்ரோவில் பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் சிறிய காப்பகம் அது. வெடித்த இசைத்தட்டு, பூஞ்சணம் பிடித்த நாடா, எது வந்தாலும் அதிலுள்ள சத்தத்தைக் கணினிக்கு மாற்றி, இரைச்சலை நீக்கிக் கொடுப்பது எங்கள் தொழில்.

"அன்ரன் அண்ணை, ஒரு சின்ன விசயம். இஞ்ச சேர்வர் நிரம்பிப்போச்சு. நீங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் மூண்டு மூண்டு ஃபைல் வைச்சிருக்கிறியள். மூண்டாவது முழுக்க வெறும் குப்பைதானே. அழிக்கட்டோ?"

"ஏன் இப்ப திடீரெண்டு?"

"புது சொஃப்ட்வெயர் வந்திருக்கு. தானாவே எல்லாத்தையும் ஒரு நிமிசத்தில துப்புரவாக்கிப் போடும். எடுத்ததை ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை."

இரண்டு நாள் பொறு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஓம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதுமே என்றாள். அப்படிச் சொல்ல முடியாது என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி திலகம், "பென்சன் எடுத்தாலும் மனுசன் வேலையை விடுறாரில்லை" என்று கீரைக்குச் சொன்னாள். இரண்டு நாள் என்று கேட்டவன் இரண்டு கிழமை எடுத்துவிட்டேன். ஷாமினி பொறுத்துக்கொள்வாள் என்று நம்புகிறேன்.

முதலில் நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை. யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்தேன். அது சண்டைக் காலம். ஊரிலிருந்து கடிதம் ஒழுங்காக வராது. அதனால் பலர் சொல்ல வேண்டியதை கசெற்றில் பேசிப் பதிந்து, கொழும்பு வழியாக யாராவது வருபவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் அப்படி வந்த கசெற்றுகள் வீட்டுக்கு வீடு கிடந்தன. நான் ரேடியோக்காரன் என்று தெரிந்ததும் சனம் அவற்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரத் தொடங்கியது.

எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "தம்பி, பின்னாலை ஷெல் விழுற சத்தம் கேக்குது. அதை எடுத்துவிடுங்கோ. மனுசி கேட்டுக் கேட்டு அழுகிறாள்."

எடுத்துக் கொடுத்தேன். பழைய கருவிகளை ஒன்றோடொன்று பொருத்தி, குரலுக்குக் கீழே கிடக்கும் 'டும்' என்ற சத்தத்தை மட்டும் வெட்டுவதில் கெட்டிக்காரனானேன். அந்த நாளில் குரலுக்குப் பின்னால் டும் என்று எது கேட்டாலும் என் கை தானாகவே அதை வெட்டப் போகும். பாராட்டும் கிடைத்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு ஆகவில்லை என்று நானே எனக்கு முதுகில் தட்டிக்கொண்டேன்.

என் அம்மாவும் ஒரு கசெற் அனுப்பினார். அதிலும் எடுத்தேன். அம்மாவின் கையெழுத்தில் என் பெயர் ஒட்டியிருந்த கசெற் அது. சுத்தமான சத்தம் அதற்குள்ளேயே இருக்கட்டும் என்று, திருத்தியதை அதன் மேலேயே பதிந்துவிட்டேன்.

ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் காப்பகத்துக்கு வேலை கேட்டுப் போனபோது, திறமைக்குச் சாட்சியாக அந்தக் கசெற்றைத்தான் கொண்டுபோனேன். நேர்முகம் செய்தவர் டோபின். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்த மனிதர், மீன்பிடிக் குடும்பம். சத்தம் கேட்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். கண் ஓய்ந்தால்தான் காது வேலைக்கு வருமாம். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் பேச்சு என் தலைக்குள் எங்கள் தமிழாக மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், இனி வரும் மற்றவர்களின் ஆங்கிலத்தையும்.

அம்மாவின் பேச்சு அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. முழுவதையும் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "துப்புரவாய் இருக்கு. ஆனால் உன்ரை அம்மா ஏன் இடைக்கிடை நிக்கிறா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு உறைத்தது. ஷெல் விழும்போது அம்மா பேச்சை நிறுத்தியிருக்கிறார். அது விழுந்து முடிய மீண்டும் தொடங்கியிருக்கிறார். நான் ஷெல்லை எடுத்துவிட்டேன். அம்மா நின்ற இடங்கள் அப்படியே இருந்தன.

காரணத்தைச் சொன்னேன். "எடுத்த சத்தம் எங்கை?" என்று கேட்டார். எறிந்துவிட்டேன் என்றேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். இரக்கத்தில்தான் எடுத்தாரோ என்று பல காலம் யோசித்திருக்கிறேன்.

டோபினிடம் கற்றதை ஒரு பக்கத்தில் அடக்கலாம். பழைய அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. அரக்கு கரைந்து பாட்டும் சேர்ந்து போய்விடும். வடித்த நீரில் ஓரிரு துளி மென்மையான சவர்க்காரம், மிருதுவான தூரிகை, கோடு ஓடும் திசையிலேயே துடைப்பு. பிறகு ஊசி. ஒரே தட்டுக்கு ஐந்தாறு பருமனில் ஊசி மாற்றி மாற்றி வைத்து, எது கோட்டின் தேயாத பகுதியில் அமர்கிறது என்று கேட்க வேண்டும். பிறகு வேகம். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று என்பது பேச்சுக்குத்தான். பதிந்த அன்று இயந்திரம் என்ன வேகத்தில் ஓடியதோ யாருக்குத் தெரியும். வேகம் பிழைத்தால் கிழவன் குரல் குமரன் குரலாகும்.

எல்லாம் முடிய, மூன்று பதிவுகள். முதலாவது, தட்டில் இருந்தபடியே, கைபடாதது. இரண்டாவது, சுத்தம் செய்தது. மூன்றாவது, சுத்தம் செய்யும்போது நாம் வெளியே எடுத்தது மட்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது மூன்றாவது. கேட்டால் எண்ணெய்ச்சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேட்க வேண்டும் என்பது டோபினின் சட்டம்.

"மூண்டாவதைக் கேக்காமல் ஜக்கெற்றில கை வைக்காதை" என்பார். அதாவது வீட்டுக்குப் போகாதே. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிழை கண்டால், "இன்னொருக்கா கேப்பமோ?" என்பார். அந்த இரண்டு சொல் தாங்காமல் அழுதவர்களும் உண்டு. நானும் ஒருமுறை கழிவறைக்குள் போய் முகம் கழுவியிருக்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்தது.

நான் ஓய்வுபெற ஏழெட்டு வருடம் இருக்கும்போது, திருமதி கோரா என்ற கறுப்பினப் பெண்மணி எங்களிடம் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. டிட்ரொயிட்டில் பிறந்து, தாதியாகப் பயின்று, இளமையிலேயே ரொறொன்ரோவுக்கு வந்தவர். வோபர்னில் நாங்கள் மரக்கறி வாங்கும் பிளாசாவுக்கு எதிரே உள்ள மாடியில்தான் இருந்தார். சாமான் வாங்கும் தள்ளுவண்டிலுக்குள் இரண்டு தலையணை வைத்து, அவற்றுக்கு நடுவில் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். தட்டில் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே வெடிப்பு.

அவருடைய தந்தை ஆமோஸ். அமெரிக்காவின் தெற்கில் பருத்தி வயலில் பிறந்தவர். பதினேழு வயதில், வேலை இல்லாமல் தெருவில் நின்றார் என்று பொலிஸ் பிடித்துக் கைதிகளின் வேலைமுகாமுக்கு அனுப்பியது. அங்கே மரம் ஏற்றிய வண்டி உருண்டு இடது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். தானே ஒரு கட்டையைச் செதுக்கிப் பூட்டிக்கொண்டு, மிச்சத் தண்டனையை முடிக்காமல் அந்தக் கட்டைக்காலோடு தப்பியோடியிருக்கிறார். பிறகு பல வருடம் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. குடி, கத்திச் சண்டை, மீண்டும் சிறை. கடைசியில் வடக்கே டிட்ரொயிட்டுக்கு வந்து, இரும்பு உருக்கும் ஆலையில் கூட்டித் துடைத்து, கல்யாணம் செய்து, இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்று, குடித்தே இறந்தார். கல் இல்லாத ஒரு குழியில் கிடந்தார். இவ்வளவும் கோரா தன் தாய் சொல்லக் கேட்டது.

இப்போது பழைய புளூஸ் பாட்டுகளைத் தேடும் ஒரு சங்கத்தினர் அவருக்கு எழுதியிருந்தார்கள். புளூஸ் என்பது அந்தத் தெற்குக் கறுப்பின மக்களின் பாட்டு. ஆதியில் ஒரு குரலும் ஒரு கிட்டாரும்தான். தெரியாத அந்த வருடங்களில் உங்கள் தந்தை மரம் அரியும் முகாம்களில் பாடித் திரிந்தார், ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் ஒரே நாளில் இரண்டு பாட்டுப் பதிந்தார், தப்பியோடியவர் என்பதால் வேறு பெயர் கொடுத்தார் என்றது அவர்கள் கடிதம். கல்லறையில் அந்தப் பெயரும் ஒரு கிட்டாரும் பொறித்துக் கல் நாட்ட அனுமதி கேட்டார்கள். சங்கத்திலேயே வேறு சிலர், பாடியது ஆமோஸ் அல்ல என்றார்கள். சங்கத்துக்குக் கிடைத்த ஒரே தட்டு இதுதான்; குரலை அடையாளம் சொல்லும்படி அவரிடம் அனுப்பியிருந்தார்கள். வெடிப்புக்குப் பயந்து அதில் ஊசி வைக்க யாரும் துணியவில்லை.

"அவர் வீட்டிலை ஒருநாளும் பாடினதில்லை" என்றார் கோரா. "ரேடியோவிலை அந்த மாதிரிப் பாட்டு வந்தால் எழும்பி நிப்பாட்டுவார். பாடத் தெரியுமெண்டே எனக்குத் தெரியாது. வேறை ஒரு மனுசனின்ரை புகழை என்ரை அப்பாவின்ரை தலைமாட்டிலை நட விடமாட்டன். அவரின்ரையாய் இருந்தால், அதையும் மறைக்கமாட்டன். தங்கச்சியும் செத்துப்போனாள். எனக்குப் பிறகு சொல்ல ஆளில்லை."

"குரலைக் கேட்டால் தெரியுமோ?" என்று டோபின் கேட்டார்.

"பெத்த பிள்ளைக்குத் தெரியாதோ?" என்றார் அவர்.

தட்டு என்னிடம் வந்தது. கழுவி, உலர்த்தி, வெடிப்பு இனியும் பிளக்காமல் அடியில் மென்மையான தாங்கு கொடுத்து, ஊசி அழுத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன். வெடிப்பு உள்ள தட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஊசி அதில் இடறும். நிமிடத்துக்கு ஏறக்குறைய எழுபத்தெட்டுத் தடவை டக், டக் என்று. அதற்குள்ளிருந்து ஒரு கிட்டாரும், இளமையான, கொஞ்சம் மூக்கால் வருகிற குரலும் கேட்டன. கிட்டாரின் சுருதியை வைத்து வேகத்தைச் சரிசெய்தேன். பிறகு துப்புரவுக்கு இறங்கினேன்.

டக் சத்தத்தோடு கூடவே கீழே ஒரு டும் கேட்டது. வெடிப்பில் இடறும்போது ஊசியைத் தாங்கும் தண்டு அதிர்கிற சத்தம் என்று முடிவு செய்தேன். பாட்டின் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. போகப் போக டும் சற்றுத் தள்ளி விழுந்தது. அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும். வெடிப்பினால் வருகிற சத்தம் வெடிப்பைவிட்டு விலகாது, விலகினால் அது வேறொன்றின் சத்தம். ஆனால் குரலுக்குப் பின்னால் டும் கேட்டால் என் கை சும்மா இருக்காது என்று முன்பே சொன்னேன். பேன் பார்ப்பது போல ஒவ்வொன்றாக, ஒன்றுகூடத் தப்பாமல், எல்லாவற்றையும் எடுத்தேன்.

இரண்டாவது பதிவு கண்ணாடி மாதிரி வந்தது. மூன்றாவதைச் சேமித்தேன், கேட்கவில்லை. அன்று பனி கொட்டியது, பஸ் பிந்தும் என்று காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. இத்தனை வருடம் பழகிய காது, குப்பையை எதற்குக் கேட்க வேண்டும் என்ற திமிர். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கோரா வந்தார். தேவாலயத்துக்குப் போகிற உடுப்பு, தொப்பி. டோபின் கண்ணாடியைக் கழற்றினார். நான் இரண்டாவது பதிவைப் போட்டேன். மூன்று நிமிடம். அந்த அறையில் அந்த மனிதர் வந்து உட்கார்ந்து பாடியது போல இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பாட்டு முடிந்தது. கோரா கையுறைகளை எடுத்தார்.

"யாரோ ஒரு பொடியன்" என்றார். "நல்லாப் பாடுறான். என்ரை அப்பா இல்லை. அவருக்கு உடைஞ்ச குரல்."

குடிக்கு முந்திய வயது, குரல் மாறியிருக்கலாம் என்றேன். "இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியேல்லை. தெரியாததுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எதையோ எதிர்பார்த்து வந்து, அதற்காகத் தன்னையே நொந்துகொள்பவர் மாதிரி இருந்தார். அந்த முகம் என்னை இன்றும் விட்டுப் போகவில்லை.

டோபின் கண்ணாடியை எடுக்கவில்லை. "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அவரை உட்காரவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். எத்தனையாவது பதிவைக் கேட்டாய், ஏன் கேட்கவில்லை என்று ஒன்றும் விசாரிக்கவில்லை.

"அன்ரன், இன்னொருக்கா கேப்பமோ?"

"மூண்டாவது நான் கேக்கேல்லை" என்றேன், அந்தப் பெண்மணிக்கு முன்னாலேயே. "அப்ப மூண்டு பேருமாய்க் கேப்பம்" என்றார் அவர்.

போட்டேன். கடுகு வெடித்தது. வெடிப்பின் டக் வந்தது. அதன் அடியில் டும். இப்போது குரல் இல்லை, கிட்டார் இல்லை. மறைக்க ஒன்றும் இல்லை. அந்த டும் தனியாக, தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு உரசல். டும், சர். டும், சர். பலகைத் தரையில் ஏதோ ஒரு கட்டை விழுந்து, இழுபட்டு, மறுபடி விழுகிற சத்தம்.

கோராவின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

"உது அவர்" என்றார்.



"படியிலை வாறார்" என்றார். "உது அவரின்ரை கட்டைக்கால். மரம் நல்லாப் பூட்டுப்படாது. வைச்சு, கொஞ்சம் இழுத்துத்தான் எடுப்பார். மூண்டு மாடி. ஒவ்வொரு படிக்கும் உந்தச் சத்தம்."

தாளத்துக்குத் தரையில் காலால் தட்டிக்கொண்டு பாடியிருக்கிறார். அவருக்கு இருந்த மேளம் அந்தக் கட்டைதான். ஷெல் என்று நினைத்து எடுக்கிற கை, ஒரு மனிதனின் காலையே எடுத்துவிட்டது.

நான் பதிவை நிறுத்தப் போனேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். முடியும் வரை கேட்டார். தலையைச் சரித்து, ஒரு தாதி நோயாளியின் நெஞ்சைக் கேட்பது போலக் கேட்டார். முடிந்ததும், மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். பிறகுதான் பேசினார்.

"ஆலையாலை வேலை முடிஞ்சு வருவார். நானும் தங்கச்சியும் உள்ளுக்கை இருந்து அந்தச் சத்தத்தைத்தான் கேப்பம். ஒரே சீராய் வந்தால், பயமில்லை, சாப்பிட்டிட்டுப் படுத்திடுவார். முன்னுக்குப் பின் வந்தால், குடிச்சிருக்கிறார். நாங்கள் கட்டிலுக்குக் கீழை போயிடுவம். எனக்கு நினைவு தெரிய, அநேகமாய்க் கட்டிலுக்குக் கீழைதான்."

கோப்பையை மேசையில் வைத்தார்.

"தொடக்கத்திலையிருந்து முடிவுமட்டும் எண்ணிக்கொண்டு வந்தனான். ஒண்டு கூடத் தப்பேல்லை. அண்டைக்கு அவர் குடிக்கேல்லை."

அதைச் சொல்லிவிட்டு அழுதார். டோபினும் அழுதார். நான் கழிவறைக்குப் போகவில்லை; அங்கேயே இருந்து அழுதேன்.

அதன் பிறகு முதலாவது பதிவைப் போட்டோம். வெடிப்பின் டக்கை மட்டும் எடுத்து, காலைத் தொடாமல் விட்டு, ஒரு கிழமைக்குள் இரண்டாவதைப் புதிதாகச் செய்தேன். குரலும் கிட்டாரும் காலும் சேர்ந்ததும் அது வேறு பாட்டாக இருந்தது. முதலில் நான் செய்ததில் அவர் அந்தரத்தில் பாடிக்கொண்டிருந்தார். இப்போது தரையில் உட்கார்ந்திருந்தார்.

கோரா கையெழுத்து வைத்தார். கல் நாட்டினார்கள். அவர் அனுப்பிய படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. மேலே ஆமோஸ் என்ற சொந்தப் பெயர். கீழே பாடிய பெயர். ஒரு சிறிய கிட்டார். திலகம் ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துத்தான் பெட்டியைத் துடைப்பாள்.

பிரதி கொடுக்கும் நாளில் கோரா என்னிடம் ஒன்று சொன்னார். "பாட்டை ஊருக்குக் குடுங்கோ. எனக்கு அந்தக் கால் மட்டும் இருக்கிற பதிவைத் தாங்கோ." நான் முதலில் செய்த மூன்றாவதைத்தான் கொண்டுபோனார். இறக்கும் வரை பின்னேரங்களில் அதைப் போட்டுக் கேட்பாராம். அவருடைய மாடியில் இருந்த எங்கள் ஆட்களில் ஒருவர் என்னிடம், "அந்த மனுசி ஏதோ கதவு தட்டுற சத்தத்தைப் போட்டுக்கொண்டு இருக்கிறா" என்று சொன்னார்.

டோபின் இப்போது நியூஃபவுண்ட்லாந்தில், கடலோரத்தில் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது. நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லப் பேசுவோம், நான் கத்துவேன். இந்த நாட்டில் எனக்குச் சோறு போட்டது அவர் கொடுத்த வேலை. அதைவிடப் பெரிய கடன், என் பிழையை அந்தப் பெண்மணிக்கு முன்னால் நானே சொல்ல எனக்கு இடம் விட்டது. அதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. இங்கே சொல்லிவிட்டேன். யாராவது ஆங்கிலத்தில் அவருக்கு வாசித்துக் காட்டட்டும், கொஞ்சம் சத்தமாக.

அம்மாவின் கசெற் இன்னும் இருக்கிறது. என் பிள்ளைகள் அதைப் போட்டுக் கேட்டால், அப்பம்மா ஏன் இடைக்கிடை நிக்கிறா என்பார்கள். அந்த இடம் வரும்போது நானே வாயால் டும் என்பேன். அதற்கு மூன்றாவது பதிவு நான்தான்.

ஷாமினி, உனக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல நான் யார். பொறுப்பு உன்னுடையது, இடம் இல்லை என்பதும் உண்மைதான். மூன்றாவது பதிவுகள் கிடக்கிற அடைவில் ஆமோஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும். மூன்று நிமிடம். அழிக்கிற பொத்தானை அமுக்குவதற்கு முன் அதைக் கேள். அதன் பிறகு ஜக்கெற்றை எடு.